'எஸ்கூல்' என்கிற பிள்ளைக்குப் பேச்சுப் பயிற்சி வேண்டுமா?

அமெரிக்காவில் ஸ்பானிஷும் ஆங்கிலமும் பேசி வளரும் பிள்ளைகளைப் பற்றி வந்த கேள்விகளும், பேச்சுப் பயிற்சியாளரான என் பதில்களும்.

கேள்வி: டெக்சாஸில் மழலையர் வகுப்பு ஆசிரியை நான், மேடம். ஒரு பையன் 'ஸ்கூல்' என்பதை 'எஸ்கூல்' என்கிறான். பயிற்சிக்கு அனுப்பவா?

பதில்: வேண்டாம். ஸ்பானிஷில் 'ஸ்' ஒலியும் இன்னொரு மெய்யும் சேர்ந்து சொல் தொடங்காது. பள்ளி 'எஸ்குவேலா' ஆவதும் அதனால்தான். நம் ஊர் 'இஸ்கூல்' வேறென்ன?

கேள்வி: 'இட்' இல்லாமல் 'இஸ் ரெய்னிங்' என்கிறாளே இன்னொருத்தி?

பதில்: ஸ்பானிஷில் எழுவாயை விட்டுப் பேசலாம். நாமும் 'வந்தான்' என்பதோடு நிறுத்துகிறோமே.

கேள்வி: கரீபியன் தீவான புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த குடும்பத்துச் சிறுமி. ஸ்பானிஷிலேயே பன்மை 'ஸ்' வருவதில்லை. இது குறைபாடுதானே?

பதில்: அவசரப்படாதீர்கள். புவேர்ட்டோ ரிக்கோ, கியூபா, டொமினிக்கன் குடியரசுப் பேச்சில் அசையின் கடைசி 'ஸ்' தேய்ந்து 'ஹ்' ஆகும், சில நேரம் காணாமலே போகும். 'லோஸ் நின்யோஸ்' (குழந்தைகள்) 'லோ நின்யோ' என்று காதில் விழும். 'ர்' 'ல்' ஆகி, ஊர்ப் பெயரே 'புவெல்ட்டோ ரிக்கோ' ஆகிவிடும். படங்களைக் காட்டிப் பேசவைக்கும் சோதனையில் மெக்சிகோ பேச்சை அளவுகோலாக வைத்தால் இவளுக்கு மதிப்பெண் குறையத்தான் செய்யும். தொடக்கத்தில் நானும் அப்படிக் குறைத்துப் போட்டவள்தான். இப்போது முதலில் அம்மாவிடம் அதே படங்களைக் காட்டிப் பேசச் சொல்வேன். அவரும் 'ஸ்' விட்டால் அது அந்த வட்டாரப் பேச்சு, அவ்வளவுதான்.

கேள்வி: நியூயார்க்கில் புவேர்ட்டோ ரிக்கோ பிள்ளைகள் சிலரின் ஆங்கிலம் கறுப்பினத்தவர் பேச்சு போல இருக்கிறதே?

பதில்: தெருவில் யாரோடு விளையாடுகிறார்களோ அவர்கள் பேச்சு ஒட்டிக்கொள்ளும். கிழக்கு ஹார்லெம் இளைஞர்களை ஆராய்ந்து மொழியியலாளர் வால்ட் வுல்ஃப்ராம் 1974இல் எழுதியது இதைத்தான்: கறுப்பின நண்பர்கள் அதிகம் உள்ளவர்களிடம் 'டூத்' என்பதை 'டூஃப்' என்பது போன்ற வழக்குகளும் அதிகம். எந்த ஆங்கில வழக்கும் குறைபாடு அல்ல என்று அமெரிக்கப் பேச்சு-மொழி-கேட்டல் சங்கம் 1983லேயே சொல்லிவிட்டது.

கேள்வி: அப்படியானால் எப்போதுதான் கவலைப்படுவது?

பதில்: இரண்டு மொழியிலும் தடுமாறினால், அதுவும் வீட்டில் யாரும் பேசாத விதத்தில். ஸ்பானிஷில் 'எல்', 'லா' போன்ற பால் காட்டும் சொற்களில் வயதுக்கு மீறி பிழை தொடர்ந்தால் கட்டாயம் பார்க்க வேண்டும். ஆங்கில இறந்தகால விகுதியை விடுவதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். ஆங்கிலத்துக்குப் புதிதான எந்தப் பிள்ளையும் விடும். அப்புறம், 'பெரோ' என்றால் 'ஆனால்', 'பெறோ' என்றால் நாய். அந்த உருட்டும் 'ற' நாலு வயதில் வரவில்லை என்று என்னிடம் ஓடி வராதீர்கள். அது வரத் தாமதமாகும்.