சாரல் காற்றுக்கு எந்த ஆனிங் தாங்கும்?

செங்கோட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அண்ணாச்சி, பழைய டிரெய்லர் கேரவன் ஒன்று வாங்கியிருக்கிறோம். பொலிரோவில் இழுத்துக்கொண்டு தென்மலை, வாகமண் பக்கம் போய் இரண்டு மூன்று நாள் தங்குவதாகத் திட்டம். நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள், அம்மா. வெளியே உட்கார ஆனிங், அதாவது கேரவனின் பக்கவாட்டில் சேர்த்துக் கட்டும் துணிப் பந்தல், வேண்டும். முழு நீளம், பாதி நீளம், சுருட்டி இழுப்பது, காற்றடிப்பது என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை வாங்க?"

பாதி நீளம் வாங்குங்கள். கேரவனின் வாசலை ஒட்டி, மூன்று பக்கமும் சுவரோடு நிற்கிற வகை. கடையில் போர்ச் ஆனிங் என்று கேட்க வேண்டும்.

நான் இப்படிச் சொல்லக் காரணம் உங்கள் ஊர்க் காற்றுதான். ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற சாரல் மேலிருந்து விழுவதில்லை, பக்கவாட்டில் அடிக்கிறது. சுருட்டி இழுக்கும் ஆனிங்கில் கூரை மட்டும்தான் உண்டு. மாசி, பங்குனி வெயிலுக்கு அது அருமை. சாரலில் அதன் கீழே உட்கார்ந்தால் முழங்கால் வரை நனைவீர்கள். காற்று அடியில் புகுந்து தூக்கினால் பொருத்திய இடத்தையே பிய்த்துக்கொண்டு போகும். அதை வாங்கினாலும் இரவில் விரித்தபடி விட்டுத் தூங்கக் கூடாது.

முழு நீள ஆனிங் நல்ல பொருள்தான். ஒரே இடத்தில் பத்து நாள் தங்குகிறவர்களுக்கு அது இன்னோர் அறை. ஆனால் இரண்டு இரவுக்காக அவ்வளவு கம்பியையும் துணியையும் மலையேற்றி, பழகாத கையோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் போராடுவது வீண். அது கேரவன் தாங்கும் எடையிலும் பெரும் பங்கைத் தின்றுவிடும். சின்னதோ பெரியதோ, பயணத்தில் ஆனிங் மூட்டையைச் சக்கர அச்சுக்கு நேர் மேலே, தரையோடு வையுங்கள். வண்டியின் பின்கோடியில் போட்டால் மலை வளைவுகளில் டிரெய்லர் வாலாட்டும்.

அடுத்தது அளவு. புதிதாக வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது இங்கேதான். கேரவனைச் சமதளத்தில் நிறுத்தி, நான்கு மூலைக் கால்களையும் இறக்கியபின் அளக்க வேண்டும். கூரை ஓரமாக ஓர் அலுமினியக் காடி, அதாவது ஆனிங்கைச் செருகும் நீளப் பள்ளம், ஓடும். போர்ச் ஆனிங்குக்குத் தரையிலிருந்து அந்தக் காடி வரை உள்ள உயரம் முக்கியம். பல ஆனிங்குகள் 235 முதல் 250 செ.மீ. உயரத்துக்குத் தைக்கப்படுகின்றன. உங்களுடையது அதற்குள் வருகிறதா பாருங்கள். ஆனிங்கின் இரண்டு ஓரங்களும் கேரவன் சுவரில் எங்கே வந்து அமரும் என்று சாக்பீஸால் கோடு போடுங்கள். கோடு ஜன்னல் மேலோ கதவு மேலோ விழுந்தால் அந்த அகலம் ஆகாது. பின்னாளில் முழு நீளம் வாங்க நினைத்தால், முன்பக்கத் தரையிலிருந்து ஏறி, காடி வழியாகப் போய், பின்பக்கத் தரைக்கு இறங்குகிற மொத்த நீளத்தைச் சென்டிமீட்டரில் கேட்பார்கள். காடி வழியே ஒரு கயிற்றை ஓட்டி அந்தக் கயிற்றை அளந்தால் போதும்.

பழைய வண்டி என்பதால் இன்னொன்று. ஆனிங் விளிம்பில் கயிறு வைத்துத் தைத்திருப்பார்கள், அதுதான் காடிக்குள் நுழையும். காடியின் வாயில் விரலை வைத்துத் தடவிப் பாருங்கள். நசுங்கியோ பிசிறு தட்டியோ இருந்தால் புதுத் துணி முதல் நாளே கிழியும். அரத்தால் தேய்த்து, மெழுகுவர்த்தியைப் பூசிவிடுங்கள். ஒருவர் ஊட்ட, ஒருவர் இழுக்க, வழுக்கிக்கொண்டு போகும்.

கூரையைத் தாங்கக் கம்பியா, காற்றடைத்த குழாயா? காற்றடிக்கும் வகை பம்பு போட்டால் சில நிமிடத்தில் நிமிர்ந்துவிடும், பலத்த காற்றில் வளைந்து மறுபடி நேராகும். விலை அதிகம். உங்களுக்கு நான் சொல்வது இரும்புக் கம்பி. வளைந்தால் தென்காசியில் எந்த வெல்டிங் பட்டறையிலும் சரிசெய்துகொள்ளலாம். ஃபைபர் கம்பி வேண்டாம், முறிந்தால் சிலாம்பு சிலாம்பாகப் பிளக்கும்.

துணியில் நீர் தாங்கும் அளவு மில்லிமீட்டரில் போட்டிருக்கும். 3000-க்குக் குறையாமல் பாருங்கள், தையல் மேல் உள்பக்கம் டேப் ஒட்டியிருக்க வேண்டும். எவ்வளவு நல்ல துணியானாலும் கூரை தொய்ந்தால் பயனில்லை. வாகமணில் ஒரு ராத்திரி நான் கூரையை இறுக்காமல் படுத்துவிட்டேன். விடியும்போது நடுவில் அண்டா அளவுக்குத் தண்ணீர் தேங்கித் தொங்கியது, முன்கம்பி வில்லாக வளைந்திருந்தது. அன்றிலிருந்து நடுவில் ஒரு கம்பி கூடுதலாகக் கொடுத்து, கூரையை வெளிப்பக்கம் நன்றாகச் சரித்துவிடுகிறேன்.

2021-ல் கேரள அரசு கேரவன் சுற்றுலாவை அறிவித்தபின் முதல் கேரவன் பூங்கா வந்ததே வாகமணில்தான். எந்தப் பூங்காவானாலும் தரை மண்ணா, கல்லா, காங்கிரீட்டா என்று போனில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனிங் கயிற்றைக் கட்டத் தரையில் முளை அடிக்க வேண்டும். செம்புறாங்கல் தரையில் பிளாஸ்டிக் முளை உடையும், தடித்த இரும்பு முளை வேண்டும். ஈர மண்ணுக்கு நீளமான, பட்டையான முளை. முளையின் தலை ஆனிங்கை விட்டு விலகிச் சாய்ந்திருக்கட்டும். காங்கிரீட் என்றால் இருபது லிட்டர் தண்ணீர் கேன்களில் கயிற்றைக் கட்டலாம், காற்று பலமானால் ஆனிங்கையே அவிழ்த்துவிடுங்கள்.

தென்மலையில் மழைக்காலத்தில் அட்டை உண்டு. சுவரின் அடியில் தொங்கும் மடிப்பை உள்ளே தள்ளி, அதன் மேல் தரைவிரிப்பைப் போட்டால் பெரும்பாலும் நுழையாது. அப்புறம், சுவரை மூடிவிட்டு உள்ளே அடுப்போ கரியோ மூட்டவே கூடாது. அதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

வாங்கிய வாரமே வீட்டு முன்னால் ஒருமுறை கட்டிப் பாருங்கள். ஈரத்தோடு மடித்துக் கொண்டுவந்தால் அன்றைக்கே விரித்துக் காயவைக்க வேண்டும். சாரல் காலத்தில் மொட்டை மாடி உதவாது, கார் ஷெட்டில் கொடி கட்டித் தொங்கவிடுங்கள்.