ஆள் மாயமாக மறையும் துப்பறியும் தொடர் ஏதாவது உண்டா? எதிலிருந்து தொடங்கலாம்?

"கொலைகாரன் யார் என்று தேடுகிற தொடர்கள் அலுத்துவிட்டன. பூட்டிய அறையிலிருந்து ஆள் மறைவது, ஓடும் ரயிலில் ஒரு பெட்டி மட்டும் காணாமல் போவது, இந்த மாதிரி நடக்கவே முடியாத கேஸ்களாக எடுத்துக்கொள்ளும் தொடர் உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. ஒன்றை விரிவாகச் சொல்கிறேன், இன்னொன்றைப் போகிற போக்கில். இந்த இரண்டு தொடர்களிலும் எந்தக் கதையின் முடிச்சையும் அவிழ்க்க மாட்டேன், தைரியமாகப் படிக்கலாம்.

முதலாவது, பிபிசியில் 1997 மே மாதம் தொடங்கிய 'ஜோனத்தன் க்ரீக்'. எழுதியவர் டேவிட் ரென்விக், அதற்கு முன் நகைச்சுவைத் தொடர்களில் பேர் வாங்கியவர். நாயகனாக ஆலன் டேவிஸ். சீவாத சுருட்டை முடி, எப்போதும் ஒரே முரட்டுக் கம்பளிக் கோட்டு, குடியிருப்பது ஒரு பழைய காற்றாலைக்குள். (அந்தக் காற்றாலை செட் இல்லை. இங்கிலாந்தின் மேற்கு சஸெக்ஸில் ஷிப்லி என்ற ஊரில் நிஜமாகவே நிற்கிறது.) மேடி மெகெல்லன் என்ற குற்றச் செய்தி எழுத்தாளர் அவனைக் கேஸ் கேஸாக இழுத்துக்கொண்டு போவார். இருவரும் சண்டை போட்டுக்கொண்டேதான் எல்லாவற்றையும் கண்டுபிடிப்பார்கள்.

எனக்கு இந்தத் தொடர் பிடித்துப்போனதற்குக் காரணம் க்ரீக் பார்க்கும் வேலை. அவன் போலீஸும் இல்லை, வக்கீலும் இல்லை, மேடை ஏறும் மந்திரவாதியும் இல்லை. ஆடம் க்ளவுஸ் என்ற ஆடம்பர மேஜிக்காரருக்குப் பின்னால் இருந்து வித்தைகளை வடிவமைத்துக் கொடுப்பவன். பெட்டி செய்கிறவன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். போலீஸ்காரர் ஒரு மர்மத்தைப் பார்த்தால் "யாருக்கு லாபம்?" என்று கேட்பார். பெட்டி செய்கிறவன், "இதையே என்னைச் செய்து தரச் சொல்லியிருந்தால் எப்படிச் செய்திருப்பேன்?" என்று கேட்பான். தொடர் முழுக்க ஓடுவது அந்த ஒரு கேள்விதான்.

1865-ல் லண்டன் எகிப்தியன் ஹாலில் ஸ்டோடேர் என்பவர் காட்டிய வித்தை ஒன்று உண்டு. மூன்று கால் மேஜை, அதன்மேல் ஒரு சின்னப் பெட்டி. பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு தலை, கண்ணைத் திறந்து பேசும். மேஜைக்குக் கீழே வெறும் இடம், பின்னால் இருக்கும் திரை தெரிகிறது. அப்படியானால் உடம்பு எங்கே? கால்களுக்கு நடுவே இரண்டு கண்ணாடிகளைச் சாய்கோணத்தில் நிறுத்தியிருந்தார்கள். ஜனங்கள் பார்த்தது பின்திரையை இல்லை, கண்ணாடியில் தெரிந்த பக்கவாட்டுத் திரையை. "மேஜைக்கு அடியில் ஒன்றுமில்லை" என்பதை யாரும் சொல்லவில்லை, பார்த்தவர்களே முடிவு பண்ணிக்கொண்டார்கள். க்ரீக் தேடுவதும் இப்படி நாமாக முடிவு பண்ணிக்கொண்ட இடத்தைத்தான்.

கண்ணாடியைவிடப் பெரிய ஏமாற்று, நேரம். இதை எனக்குப் புரியவைத்தது டிவி இல்லை, எங்கள் வீடு.

நான் ஒன்பதாவது படிக்கும்போது அம்மாவின் கல் தோடு ஒன்று காணாமல் போனது. பீரோ பூட்டியிருந்தது, சாவி அம்மா இடுப்பில். பீரோவுக்குள் ஒரு சின்ன டப்பா, டப்பாவில் ஒற்றைத் தோடு. ஜோடி எங்கே? அன்று காலையிலிருந்து யார் யார் அந்த அறைக்குள் போனார்கள் என்று பெரிய விசாரணை. அப்பா நடுவர். கடைசியில், பெருக்க வரும் அக்காவின் பேர் அடிபட்டது. யாரும் நேரே கேட்கவில்லை. ஆனால் அவருக்கு முன்னால் பேச்சை நிறுத்தினாலே போதாதா? மறுநாளிலிருந்து அவர் வரவில்லை. பத்து நாள் கழித்து அடுத்த எண்ணெய்க் குளியலின்போது சீயக்காய் டப்பாவின் அடியில் ஒரு காகிதப் பொட்டலம். உள்ளே தோடு, திருகாணியோடு. போன தடவை எண்ணெய் தேய்க்கும்போது அம்மா ஒன்றைக் கழற்றிப் பொட்டலம் கட்டியிருக்கிறார், அதற்குள் யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள். "ரெண்டையும் டப்பாவில் வச்சேனே" என்று அம்மா சத்தியம் செய்தது பொய் இல்லை. வழக்கமாக வைக்கிறவர், அதனால் அன்றைக்கும் வைத்த மாதிரியே ஞாபகம். பீரோவைப் பூட்டும்போதே அதில் ஒரு தோடுதான் இருந்தது. பூட்டிய பிறகு யார் வந்தார்கள் என்று நாங்கள் பத்து நாள் தேடினோம்.

க்ரீக் கதைகளில் பாதி இந்த ரகம். முதல் சீசனில் ஒரு ராக் பாடகர் தன் வீட்டு அறையிலேயே ரேடியேட்டரோடு கைவிலங்கிடப்பட்டுக் கிடக்கிறார். அதே நேரத்தில் அவரது ரசிகை ஒருத்தி அதே அறைக்குள் நுழைவதை வெளியிலிருந்து பார்த்திருக்கிறார்கள். பாடகரோ, யாருமே உள்ளே வரவில்லை என்கிறார். இரண்டு தரப்பும் உண்மையைத்தான் சொல்கிறது. இனி நீங்களாச்சு.

டிவியில் நேரத்தை வைத்து நாட்டையே ஏமாற்றிய நம்மூர்க்காரர் ஒருவரும் இருக்கிறார். மூத்த பி.சி.சர்க்கார், கல்கத்தாக்காரர். 1956 ஏப்ரல் 9 அன்று பிபிசியின் 'பனோரமா' நிகழ்ச்சியில், மேஜையில் படுத்திருந்த பெண்ணை இயந்திர ரம்பத்தால் இரண்டாக அறுத்தார். பிறகு அந்தப் பெண்ணின் கையைத் தேய்த்துப் பார்க்கிறார், அவள் அசையவில்லை. முகத்தைத் துணியால் மூடுகிறார். தொகுப்பாளர் ரிச்சர்ட் டிம்பிள்பி குறுக்கே வந்து, நேரம் தீர்ந்துவிட்டதால் நிகழ்ச்சியை முடித்துவிட்டார். உண்மையிலேயே கொலை நடந்துவிட்டது என்று பயந்து ஜனங்கள் பிபிசிக்குப் போன் மேல் போன். நேரம் தீர்ந்துபோனது தற்செயல் என்று நான் நம்பவில்லை. லண்டனில் அவருடைய மேடை நிகழ்ச்சிகள் அப்போதுதான் தொடங்க இருந்தன!

ரயில் பெட்டி என்று கேட்டீர்களே, அதற்கு அமெரிக்காவின் 'பேனசெக்'. என்பிசியில் 1972 முதல் 1974 வரை வந்தது, ஜார்ஜ் பெப்பார்ட் நடித்தது. பாஸ்டனில் வசிக்கும் இவர், காணாமல் போனதை மீட்டுக் கொடுத்து இன்சூரன்ஸ் கம்பெனியிடம் 10 சதவீதம் வாங்கிக்கொள்பவர். ஓடும் ரயிலின் நடுவிலிருந்து, மேலே புது மாடல் காரோடு ஒரு திறந்த வேகன் மறைவது, மைதானத்தில் எல்லோர் கண்ணெதிரிலும் ஒரு ஃபுட்பால் வீரர் மறைவது, இப்படித்தான் கேஸ்கள். ஆள் கொஞ்சம் மிதப்பு. புதிர்களுக்காகப் பொறுத்துக்கொள்ளலாம்.

நடு வேகனைக் கழற்றும் யோசனை ரயில் கதைகளில் ரொம்பப் பழசு. 1912-ல் வந்த ஓர் ஆங்கிலத் தொகுப்பில் இதற்கு அழகான வழி ஒன்று இருக்கிறது. குறிவைத்த வேகனுக்கு முன்னால் இருப்பதையும் பின்னால் இருப்பதையும் நீளமான கயிற்றால் முதலிலேயே இணைத்துவிடுவார்கள். பிறகு நடு வேகனின் கொக்கிகளைக் கழற்றுவார்கள். கிளைத் தண்டவாளம் வந்ததும், முன்பகுதி நேரே போனவுடன் பாயிண்ட்டை, அதாவது தடம் மாற்றும் தண்டவாளத்தை, மாற்றினால் வேகன் கிளையில் ஒதுங்கும். உடனே பாயிண்ட்டைத் திருப்பினால் கயிற்றில் வரும் பின்பகுதி நேரே போய்விடும். அப்புறம் இடைவெளி குறைந்ததும் கொக்கி மாட்டிவிடலாம். ரயில் நிற்கவே இல்லை. பேனசெக் கதையின் விடை இதுதானா என்று கேட்காதீர்கள், வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

க்ரீக்கில் முதல் மூன்று சீசன்களை வரிசையாகப் பாருங்கள். நடுவில் விட்டாலும் 2009 புத்தாண்டு ஸ்பெஷலை மட்டும் விடாதீர்கள். ஒரு பழைய மாளிகையின் மாடியறையில் இரவு தங்குகிறவர்கள் காணாமல் போகிறார்கள். அதைப் பார்த்தபின் ஒரு வாரம் நான் குளியலறைக் கதவைச் சாத்தவில்லை. 2014 சீசன் வேண்டாம். க்ரீக் கல்யாணம் பண்ணிக்கொண்டு, காற்றாலையையும் மேஜிக்கையும் விட்டு ஆபீஸ் வேலைக்குப் போய்விட்டிருக்கிறான். முதல் கதையில் பூட்டிய அறை ரகசியத்தை நமக்கு முன்கூட்டியே காட்டியும் விடுகிறார்கள். இலையில் உட்கார்ந்ததும் பாயசத்தை ஊற்றின மாதிரி.

அந்த ராக் பாடகர் கதையை மூன்று தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தவருக்குக் கதையைத் தமிழில் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அது சரி, அந்தப் பொண்ணு உள்ளே போனப்போ மணி என்னன்னு அவங்க எதை வச்சுச் சொல்றாங்க?" என்றார்.