கேம் மோட்களுக்குப் பணம் வாங்குவது நியாயமா, இலவசமாகத்தான் தர வேண்டுமா?

கேள்வி கேட்ட தொனியை வைத்துப் பார்த்தால், நீங்கள் கைப்பேசியில் பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா விளையாடுபவர் என்றும், தமிழ்நாட்டுப் பேருந்து மோட் ஒன்றுக்கு நூறோ இருநூறோ ஜிபேயில் அனுப்பச் சொல்லி யாரோ கேட்டிருக்கிறார் என்றும், அந்த எரிச்சலில் இங்கே வந்திருக்கிறீர்கள் என்றும் தோன்றுகிறது. அப்படி இல்லையென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் அறிந்த உலகம் அதுதான். மதுரையில் ஒரு ஃபிளெக்ஸ் அச்சகத்தில் வடிவமைப்பாளராக இருக்கிறேன், இரவு நேரங்களில் பேருந்து மாடல்கள் செய்கிறேன், சிலவற்றுக்குப் பணமும் வாங்குகிறேன். எனவே இந்தப் பதில் நடுநிலையானது என்று நான் உரிமை கொண்டாடப் போவதில்லை.

மோட் என்றால் என்னவென்று தெரியாமல் இதைப் படிப்பவர்களுக்காக ஒரு வரி: கேமை வெளியிட்ட நிறுவனம் தராத வண்டியையோ ஊரையோ உடையையோ விளையாடுபவர்களே செய்து அதற்குள் சேர்ப்பதற்குத்தான் அந்தப் பெயர். மேலே சொன்ன கேமை 2017இல் வெளியிட்டது மாலியோ என்ற இந்தோனேசிய நிறுவனம். அதில் வண்டியின் மேல் வரும் வண்ணத்தையும் எழுத்தையும், அதாவது லிவரியை, நாமே வரைந்து ஏற்றலாம். சொந்தமாகச் செய்த முப்பரிமாண மாடலையும் ஏற்றலாம். ஜாவா தீவின் சாலைகளில் உசிலம்பட்டி வழி தேனி வண்டி ஓடிக்கொண்டிருப்பது இப்படித்தான்.

என் கருத்து இதுதான்: மோட் செய்பவர் கூலி கேட்கலாம், பூட்டுப் போடக் கூடாது. ஒருவர் தமக்கென்று ஒரு வண்டியைச் செய்து தரச் சொன்னால், அந்த உழைப்புக்கு ஊதியம் வாங்குவதில் எந்தத் தவறும் இல்லை. செய்து முடித்த ஃபைலை அடைத்து வைத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காலமெல்லாம் வசூலிப்பது வேறு விஷயம். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து "காசு வாங்குகிறவன் எல்லோரும் பேராசைக்காரன்" என்று பேசுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"மோட் உலகத்தின் மரபே இலவசம்தான்" என்பார்கள். அந்த மரபு உண்மைதான். அந்த மரபிலிருந்து சம்பாதித்தவர்களும் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கவுன்டர்-ஸ்டிரைக் 1999இல் ஹாஃப்-லைஃப் கேமின் இலவச மோடாகத்தான் பிறந்தது. அடுத்த ஆண்டே, ஹாஃப்-லைஃபை உருவாக்கிய வால்வ் நிறுவனம் அதை வாங்கித் தன் சொந்தச் சரக்காக விற்றது. டோட்டாவும் வார்கிராஃப்ட் 3 கேமுக்குள் பிறந்த மோட்தான். நிறுவனம் விற்றால் வியாபாரம், தனி ஆள் கூலி கேட்டால் பேராசையா?

வெளிப்படையாகப் பணம் வாங்கும் முயற்சி பெரிய அளவில் நடந்து மண்ணைக் கவ்விய கதையும் உண்டு. 2015 ஏப்ரல் 23 அன்று வால்வ், கணினி கேம்களை விற்கும் தன் ஸ்டீம் தளத்தில் ஸ்கைரிம் கேமுக்கான மோட்களை விற்க வழி திறந்தது. கேமின் உரிமையாளரான பெதஸ்டாவும் அதற்கு உடன்பட்டிருந்தது. நூறு ரூபாய்க்கு விற்றால் செய்தவருக்கு 25 ரூபாய், வால்வுக்கு 30, பெதஸ்டாவுக்கு 45 என்பது பங்கு. எதிர்ப்பு மனுவில் 1,30,000 பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். ஏப்ரல் 27 அன்று திட்டத்தைக் கைவிட்டு, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தார்கள். இதைக் காட்டி "மக்கள் தீர்ப்பு அன்றே வந்துவிட்டது" என்று வாதிடுபவர்கள், அங்கே விற்பனைக்கு வந்திருந்த மீன்பிடி மோட் ஒன்றின் கதையைச் சொல்வதில்லை. அந்த மோட், வேறொருவர் இலவசமாகக் கொடுத்திருந்த அசைவூட்டக் கருவியைச் சார்ந்திருந்தது. என் வேலையை வைத்து நீ விற்பதா என்ற கேள்வி எழுந்ததும் அது விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது. ஆண்டுக்கணக்கில் ஒருவர் செய்ததை இன்னொருவர் எடுத்தாண்டு, நன்றி சொல்லி, அடுத்தவருக்குக் கொடுத்து வளர்ந்த இடத்தில் திடீரென ஒருவர் மட்டும் கல்லாப்பெட்டியைத் திறந்தால் மற்றவர்களுக்கு வயிறு எரியத்தான் செய்யும். கோபத்தில் நியாயமான பகுதி அது. பெதஸ்டாவுக்கும் அது புரிந்தது போலும்; 2017இல் கிரியேஷன் கிளப் என்ற பெயரில் மறுபடி வந்தபோது, ஏற்கெனவே இலவசமாக உலவும் மோட்களை அதில் சேர்க்க மாட்டோம், புதிதாகச் செய்தவை மட்டுமே என்று சொல்லித்தான் வந்தார்கள்.

இனி என் அனுபவத்துக்கு வருகிறேன். நான் செய்தது ஆரப்பாளையத்திலிருந்து தேனிப் பக்கம் ஓடும் ஒரு தனியார் மொபசல் வண்டி. வேலை முடிந்ததும் ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்குப் போய், அந்த வண்டி ஆள் ஏற்றும் நேரத்துக்குள் முன்முகம், பக்கவாட்டு, பின்புற ஏணி, படிக்கட்டுக் கம்பி என்று படமெடுத்துக்கொள்வேன். நடத்துநர் சில நாள் கவனித்துவிட்டு, "என்ன தம்பி, பைனான்ஸ்லருந்து வர்றீகளா?" என்று கேட்டே விட்டார். தவணை பாக்கிக்கு வண்டியைத் தூக்க வந்தவன் என்று நினைத்திருக்கிறார். கைப்பேசியில் பாதி முடிந்த மாடலைக் காட்டியதும் முகம் மாறி, ஓட்டுநரையும் கூப்பிட்டுக் காட்டினார். ஓட்டுநர் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டுச் சொன்ன குறைகள் எந்த இணையப் பயிற்சியிலும் கிடைக்காதவை: ஸ்டியரிங்குக்கு மேலே சின்ன ஃபேன் இல்லை, சாமி படத்துக்கு மல்லிகைச் சரம் இல்லை, பம்பரில் எலுமிச்சம்பழம் கட்டிய கயிறு இல்லை.

இவற்றையெல்லாம் சேர்ப்பது பார்க்க எளிது, செய்யக் கடினம். ஏனென்றால் இது கைப்பேசியில் ஓட வேண்டிய வண்டி. ஒவ்வொரு வளைவுக்கும் முகங்கள், அதாவது மாடலின் மேற்பரப்பை ஆக்கும் சின்னத் தட்டைத் துண்டுகள், கூடக் கூட, சாதாரண விலைக் கைப்பேசிகளில் கேம் திக்கித் திணறும். ஆகவே பக்கத் தகட்டில் வரும் ரிவெட்டுகளை வடிவமாகச் செய்யாமல், நிழலோடு படமாக வரைந்து மேலே ஒட்ட வேண்டும். இருக்கைகளைக் கிட்டத்தட்ட பெட்டி வடிவில் முடித்து, ரெக்சினின் மடிப்பை வண்ணத்திலேயே கொண்டுவர வேண்டும். மல்லிகைச் சரம் இரண்டு தட்டையான தாள்களைக் குறுக்காக வைத்து, அவற்றின் மேல் பூவை வரைந்தது. மாடல் செய்யும் பிளெண்டர் மென்பொருள் இலவசம் என்பதால் எனக்குச் செலவு மின்சாரமும் தூக்கமும் மட்டுமே என்று ஒருவர் கணக்குச் சொன்னார். தூக்கத்தைக் கணக்கில் சேர்த்ததற்காக அவருக்கு நன்றி.

அந்த வண்டியை நான் இலவசமாகத்தான் வெளியிட்டேன். "அண்ணே, வைப்பர் அசையல", "அண்ணே, எங்க ராஜபாளையம் வண்டி எப்பண்ணே?" என்று வந்த செய்திகள் தொந்தரவாக இருந்தாலும் உள்ளூர மகிழ்ச்சிதான். கசப்பு வேறு பக்கத்திலிருந்து வந்தது. ஒரு யூடியூப் சேனல் நடத்துபவர் என் ஃபைலை எடுத்து ஜிப் ஆக்கி, பாஸ்வேர்டு போட்டு, அந்தப் பாஸ்வேர்டை ஒரு நீண்ட வீடியோவில் ஆங்காங்கே ஓரோர் எழுத்தாகக் காட்டி, தரவிறக்கச் சுட்டியையும் விளம்பரப் பக்கங்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். கீழே அவருக்குப் பாராட்டுகள் குவிந்தன. எடுத்துவிடுமாறு மரியாதையாக எழுதினேன். "நீங்க ஃப்ரீயாத்தானே ப்ரோ குடுத்தீங்க" என்று ஒரு வரியில் பதில் வந்தது.

அந்த வரிக்குப் பதில் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் இலவசமாகக் கொடுத்தது விளையாடுபவர்களுக்கு; அதை வைத்து இன்னொருவர் கட்டணச் சாவடி போடுவதற்கு அல்ல. அந்தப் பாஸ்வேர்டு வீடியோவும் பணம் வாங்குவதன் இன்னொரு வடிவமே. பார்ப்பவர் தன் நேரத்தையும் டேட்டாவையும் கொடுக்கிறார், எந்தப் பொத்தான் உண்மையானது என்று தெரியாமல் கண்டதை அழுத்தி, கைப்பேசியில் வேண்டாத செயலியை இறக்கிக்கொள்ளும் ஆபத்தையும் ஏற்கிறார். கையிலிருந்து ரூபாய் போகவில்லை என்பதால் அதை இலவசம் என்கிறோம். நேரடியாக ஐம்பது ரூபாய் கேட்பவரைத் திட்டுபவர்களில் பலர் இந்தச் சாவடியில் முணுமுணுக்காமல் வரிசையில் நிற்கிறார்கள்.

அதன்பிறகு, தனியாக வண்டி கேட்பவர்களிடம் கூலி சொல்லத் தொடங்கினேன். "பொம்மை பஸ்ஸுக்குக் காசா?" என்றார்கள். இந்தக் குரல் எனக்குப் புதிதல்ல. அச்சகத்தில் தினமும் கேட்பதுதான். காதுகுத்துக்கு ஃபிளெக்ஸ் அடிக்க வருபவர் என் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, தாய்மாமன் படத்தைப் பெரிதாக்கி, பிறகு சித்தப்பா கோபித்துக்கொள்வார் என்று சிறிதாக்கி, பின்னணியில் சிங்கத்தை நிறுத்தி, சிங்கம் முறைக்கவில்லை என்று மாற்றி, மாலை முழுவதையும் எடுத்துக்கொள்வார். பில் போடும்போது சதுர அடிக் கணக்கில் பணம் கொடுத்துவிட்டு, "டிசைனுக்கு என்னங்க காசு, எல்லாம் கம்ப்யூட்டர்தான பண்ணுது" என்பார். தொட்டுப் பார்க்கக்கூடிய துணிக்கு விலை உண்டு, அதன்மேல் இருப்பதற்கு இல்லை. முதலாளியும் வாடிக்கையாளர் பக்கம்தான் பேசுவார் என்பது தனிக்கதை. அதை இங்கே இழுக்கவில்லை.

ஒரு நியாயமான மறுப்பு உண்டு, அதை நானே சொல்லிவிடுகிறேன். "அந்த வண்டியின் பெயரும் வண்ணமும் பேருந்து முதலாளியுடையவை, பாடி கட்டிய பட்டறையில் யாரோ ஒரு பெயின்டர் யோசித்துத் தீட்டியவை. அடுத்தவர் சரக்கை வைத்து நீ மட்டும் சம்பாதிக்கலாமா?" சம்பாதிக்கக் கூடாது. அதனால்தான் நடத்துநர் மூலமாக முதலாளியைப் பார்த்துக் கேட்டேன். "நம்ம பேரு நாலு இடத்துல ஓடுனா நல்லதுதானப்பா. ஆனா வித்துப்புடாத" என்றார். அன்றிலிருந்து, பேருந்து நிறுவனப் பெயர் தாங்கிய லிவரி எதற்கும் நான் ஒரு பைசா வாங்குவதில்லை. அரசுப் போக்குவரத்துக் கழக வண்டியின் வண்ணத்துக்கும் இதே விதிதான். அதற்கு விலை வைத்துக் கேட்பவர்களைப் பார்த்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது.

கூலி வாங்கிச் செய்யும் மாடலுக்கும் ஒரு முறை வைத்திருக்கிறேன். கேட்டவருக்கு முதலில் கொடுப்பேன். சில வாரங்கள் கழித்து எல்லோருக்கும் இலவசமாக விட்டுவிடுவேன். இது என் கண்டுபிடிப்பு அல்ல. சிம்ஸ் 4 கேமுக்காக இஏ நிறுவனம் 2022இல் கொண்டுவந்த விதிமுறை ஏறக்குறைய இதுவே: ஆதரவளிப்போருக்குக் கொஞ்ச காலம் முன்னதாகக் கொடுக்கலாம், முடிவில் மோட் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். எல்லாக் கேமுக்கும் ஒரே சட்டம் இல்லை என்பதையும் கவனியுங்கள். மைன்கிராஃப்டின் ஜாவா பதிப்புக்குச் செய்யும் மோட்களை விற்கக் கூடாது என்று அதன் உரிம ஒப்பந்தமே சொல்கிறது; அதே கேமின் பெட்ராக் பதிப்புக்கு 2017 முதல் நிறுவனமே ஒரு விற்பனைச் சந்தை நடத்துகிறது. எந்தக் கேம் என்று கேட்காமல் "மோடுக்குப் பணம் சரியா" என்ற கேள்விக்கு முழுப் பதில் கிடையாது.

பூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023இல் ஸ்டார்ஃபீல்டு வெளிவந்தபோது அதில் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ், அதாவது கணினியில் கேமை வேகமாக ஓடச் செய்யும் வசதி, இல்லை. அதைச் சேர்க்கும் மோட் ஒன்றின் ஒரு பகுதியை ஒருவர் சந்தாதாரர்களுக்கு மட்டும், உரிமப் பூட்டுடன் கொடுத்தார். பூட்டு சில நாட்களில் உடைந்தது. அதே வேலையைச் செய்யும் இலவச மோட்களும் வந்துவிட்டன. திறமையில் அவருக்கு நான் கால்தூசி, உழைத்ததற்குக் கேட்டார் என்பதிலும் எனக்குக் குறையில்லை. ஆனால் பூட்டுச் செய்வதில் செலவிட்ட நேரம் யாருக்கும் பயன்படவில்லை என்பதுதான் என் கணக்கு.

உங்களிடம் பணம் கேட்டவர் விஷயத்துக்கு வருகிறேன். அனுப்புவதற்கு முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள். மாடல் அவரே செய்ததா, அல்லது யூரோ டிரக் சிமுலேட்டர் 2 போன்ற வேறொரு கேமின் மோடிலிருந்து உருவி எடுத்து மாற்றியதா? அடுத்த அப்டேட்டில் வண்டி ஓடாமல் போனால் சரிசெய்து தருவாரா? பணம் வாங்கியவர் கடைக்காரர், பழுதுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இலவசமாகக் கொடுத்தவரை அப்படிக் கேட்க உங்களுக்கு உரிமை இல்லை, வைப்பர் அசையாவிட்டாலும் கூட. இந்த இரண்டு கேள்விக்கு அவர் எரிந்து விழுந்தால் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள். நேராகப் பதில் சொன்னால், பேரம் பேசாமல் அனுப்பிவிடுங்கள். வந்த ஃபைலை, அவரே பொதுவில் விடும்வரை எந்த டெலிகிராம் குழுவிலும் போடாதீர்கள்.