ராத்திரியில் எடுத்து வைக்கும் தண்ணீர்க் கிண்ணம்

கேள்வி: தேவகோட்டை பக்கம் ஒரு கிராமத்தில் நடுவில் முற்றம் வைத்த எங்கள் பழைய வளவு வீடு. ஜிம்மி என்ற ராஜபாளையம் கலப்பு நாயை 11 வருடமாக வளர்க்கிறோம். என் மகன் பத்தாம் வகுப்பு படிக்கும்போது பிடிவாதம் பிடித்துக் கொண்டுவந்தது. புரட்டாசியில் சாப்பாடு குறைந்து வாந்தி எடுத்தான். காரைக்குடியில் டாக்டரிடம் காட்டினோம். கிட்னி கெட்டுவிட்டது, ரத்தத்தில் தேங்கும் கழிவைக் காட்டும் கிரியேட்டினின் 3.1, முழுக்கக் குணமாகாது, மருந்தும் பத்தியமுமாக ஓட்டலாம் என்றார். கார்த்திகையில் மறுபடி பார்த்தால் 4.2. ராத்திரியெல்லாம் தண்ணீர் குடித்துவிட்டு முகப்பிலும் வளவிலும் மூத்திரம் போய்விடுகிறான். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் கறை ஏறுகிறது. அதனால் ஐப்பசியிலிருந்து எட்டு மணிக்கு மேல் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து உள்ளே வைத்துவிடுகிறேன். 79 வயது மாமியார் நடு ராத்திரியில் எழுந்து, எனக்குத் தெரியாமல் சொம்பில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுகிறார். சொன்னால் கேட்பதில்லை. தையில் மகனுக்கு இந்த வீட்டில்தான் கல்யாணம். பங்காளிகள் எல்லாரும் வருவார்கள். கல்யாணம் முடியும்வரை ஜிம்மியைத் தோட்டத்துக் காவல்காரரிடம் விட்டு வைக்கலாமா? மாமியாருக்கும் புரிகிற மாதிரி நாலு வார்த்தை எழுதுங்கள்.
(பெயர் வேண்டாம், தேவகோட்டை வட்டாரம்)

பதில்: சகோதரி, நோய் பிடித்த நாயை வைத்துக்கொண்டு அல்லாடும் வீடுகளிலிருந்து எனக்கு எத்தனையோ கடிதங்கள் வந்திருக்கின்றன. செலவு, தூக்கம் கெடுவது, வந்து போகிறவர்கள் முகம் சுளிப்பது எல்லாம் தெரியும். அதற்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்க இப்போது நேரமில்லை. போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், எட்டு மணிக்கு மேல் கிண்ணத்தை எடுத்துவிடுகிறேன் என்று. இன்று ராத்திரியே அதை நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

குடிப்பதால்தான் ஜிம்மி மூத்திரம் போகிறான் என்று நினைக்கிறீர்கள். நடப்பது தலைகீழ். நல்ல கிட்னி, வேண்டிய தண்ணீரை உடம்புக்குத் திருப்பி எடுத்துக்கொண்டு கழிவைக் கெட்டியாக வெளியே தள்ளும். அதில் மூன்றில் இரண்டு பங்கு கெட்டுவிட்டால் அந்தத் திறன் போய்விடும். அப்புறம் மூத்திரம் நிறமே இல்லாமல் தண்ணீராகப் போகும். போனதை ஈடுகட்டத்தான் குடிக்கிறான். கிலோவுக்கு 100 மில்லி என்று கணக்குப் பாருங்கள். 25 கிலோ நாய் ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டருக்கு மேல் குடித்தால் அது நோயின் தாகம். கிண்ணத்தை எடுத்தால் மூத்திரம் நின்றுவிடாது. உடம்பில் இருக்கிற தண்ணீரும் போய், விடியும்வரை அவன் வறண்டு கிடப்பான்.

நீங்களே எழுதியதை வரிசையாகப் படித்துப் பாருங்கள். புரட்டாசியில் 3.1. ஐப்பசியில் கிண்ணம் உள்ளே போகிறது. கார்த்திகையில் 4.2. உடம்பு வறண்டாலே கிரியேட்டினின் ஏறும். இந்த நோய் தானாகவும் முற்றும் என்பதால், ஏறியது முழுக்க உங்களால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நோயால் எவ்வளவு, தாகத்தால் எவ்வளவு என்று டாக்டருக்கே தெரியாதபடி செய்துவிட்டீர்கள். ராத்திரி தண்ணீர் கொடுப்பதில்லை என்று அவரிடம் சொன்னீர்களா? சொல்லியிருந்தால் அன்றைக்கே திட்டியிருப்பார். நாய்களுக்கு இந்த நோயை நாலு கட்டமாகப் பிரிக்கிறார்கள். கிரியேட்டினின் 2.9-லிருந்து 5 வரை மூன்றாம் கட்டம், அதற்கு மேல் கடைசிக் கட்டம். ஜிம்மிக்கு இன்னும் இடம் இருக்கிறது. அந்த இடத்தைத் தரைக்காக விட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

உங்கள் தரையின் அருமை எனக்குத் தெரியாமலில்லை. ஆத்தங்குடிக் கல் என்பது கண்ணாடிப் பலகைமேல் வண்ணத்தைக் கையால் ஊற்றி, சிமெண்டும் மணலும் சேர்த்து வார்ப்பது. ஈரத்தை உறிஞ்சும். மூத்திரத்தை அப்போதே துடைத்தால் போய்விடும், விடியும்வரை விட்டால் கறை இறங்கிவிடும். கறை போக ஆசிட்டோ எலுமிச்சையோ போட்டுவிடாதீர்கள், அது கல்லையே அரிக்கும். கொஞ்சம் சோப்புத் தண்ணீர் போதும்.

அப்படியென்றால் ராத்திரியில் யாராவது எழுந்தாக வேண்டும். இப்போது எழுந்துகொண்டிருப்பது யார்? 79 வயது ஆச்சி. இருட்டில் நிலைப்படி தாண்டி, வளவில் இறங்கி, கையில் சொம்போடு. தரையில் எங்கே ஈரம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியுமா? அந்த வயதில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவருக்குப் புரிகிற மாதிரி எழுதச் சொல்கிறீர்கள். உங்கள் வீட்டில் இந்த நோயைப் புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான். டாக்டர் சொல்லாமலே, தாகம் எடுத்த உயிருக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். அதையும் மருமகளுக்குத் தெரியாமல் செய்ய வேண்டியிருக்கிறது. எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

எழ வேண்டியது உங்கள் மகன். பிடிவாதம் பிடித்துக் கொண்டுவந்தவர் அவர்தானே? நாய் ஓடியாடிய வருடங்களில் விளையாடியவர், அது விழுந்துவிட்ட வருடத்தில் கண்ணில் படவே இல்லை. கடிதத்தில் அவர் கல்யாண மாப்பிள்ளையாக மட்டும்தான் வருகிறார். தையில் ஒரு பெண்ணை இந்த வீட்டுக்குக் கூட்டிவரப் போகிறார். நோய், நொடி, அசிங்கம், ராத்திரிக் கண்விழிப்பு எல்லாம் குடும்பத்தில் உண்டு, அவை ஆச்சிகளின் வேலை மட்டுமில்லை என்று கல்யாணத்துக்கு முன்னால் அவர் கற்றுக்கொள்ளட்டும். வெளியூரில் வேலை என்று சொல்வீர்கள். வருகிற நாளெல்லாம் அவர் முறை, மற்ற நாளில் நீங்களும் உங்கள் கணவரும். கணவரைப் பற்றிக் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை, அதையும் கவனித்தேன்.

ஜிம்மி படுக்கிற இடத்தில் ஒரு ரெக்சின் விரிப்பு, அதன்மேல் பழைய வேட்டி. பத்து மணிக்கு ஒரு தடவை, இரண்டு மணிக்கு ஒரு தடவை வெளியே கூட்டிப்போய் வாருங்கள். வளவில் ராத்திரி ஒரு விளக்கு எரியட்டும். இரண்டு இடத்தில் தண்ணீர் வையுங்கள். துடைக்கும்போது கையுறை போடுங்கள், எலிக்காய்ச்சல் நாயின் மூத்திரம் வழியாக மனிதருக்கும் வரும். கிட்னி கெட அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், டாக்டரிடம் கேளுங்கள். தோலுக்கடியில் சலைன் ஏற்றுவது ஜிம்மிக்குத் தேவையா என்றும் கேளுங்கள். தேவையென்றால் வீட்டிலேயே ஏற்றச் சொல்லிக்கொடுப்பார்கள். வலிக்கிறதே என்று வீட்டிலிருக்கும் மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள், நாம் சாப்பிடும் வலி மாத்திரைகளில் பல கிட்னியை இன்னும் கெடுக்கும்.

தோட்டம் வேண்டாம். வேளாவேளைக்கு மருந்தும் பத்தியமும் இருக்கிற நாய் அது, காவல்காரருக்கு அவர் வேலையே சரியாக இருக்கும். ஏற்கெனவே சாப்பாடு குறைந்த கிழ நாய், இடம் மாறினால் சுத்தமாக வாயை மூடிக்கொள்ளும். கல்யாண நாட்களில் பின்கட்டில் ஓர் அறையை அவனுக்கு ஒதுக்குங்கள், கூட ஓர் ஆள் இருக்கட்டும். பந்தி இலை எதுவும் அவன் பக்கம் போகக்கூடாது. பாயசத்தில் கிடக்கும் உலர்திராட்சை நாயின் கிட்னிக்கு விஷம். வெங்காயமும் பூண்டும் ரத்தத்தைக் கெடுக்கும். கல்யாணம் முடிந்து கறிக்குழம்பு வைக்கிற அன்றைக்கு எலும்பு போடுகிற பழக்கமும் வேண்டாம். அதில் பாஸ்பரஸ் அதிகம், இந்த நோய்க்கு ஆகவே ஆகாது. பங்காளிகள் ஏதாவது சொன்னால், உடம்புக்கு முடியாமல் இருக்கிறான் என்று சொல்லுங்கள். அதைக் கேட்டும் முகம் சுளிக்கிறவர்களுக்காக நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை.

ஒரு நாள் அவன் தண்ணீரையும் மறுத்து, எழவும் முடியாமல் கிடப்பான். வலியில்லாமல் அனுப்பிவைக்கும் ஊசியைப் பற்றி டாக்டர் பேசுவார். அப்போது வீட்டார் எல்லாரும் உட்கார்ந்து முடிவெடுங்கள். அவன் படும் பாட்டைப் பார்த்து எடுக்க வேண்டிய முடிவு அது, முகூர்த்தத் தேதியைப் பார்த்து எடுக்கக்கூடாது.

இப்போதைக்கு டாக்டருக்கு இன்றே போன் செய்து தண்ணீர் விஷயத்தை மறைக்காமல் சொல்லுங்கள். கிண்ணம் ராத்திரியும் நிறைந்திருக்கட்டும். அவர் சொல்கிற நாளில் மறுபடி ரத்தம் எடுத்துப் பாருங்கள். காரைக்குடிக்கு வண்டி ஓட்டுவது உங்கள் மகனாக இருக்கட்டும்.