ஆறு வாரக் குஞ்சில் சேவல் எது, பெட்டை எது?

கேள்வி: எங்கள் வீட்டு நாட்டுக்கோழியை 13 முட்டையில் அடை வைத்தோம். 11 குஞ்சு பொரித்து, எல்லாம் பிழைத்து, இப்போது ஆறு வாரம் ஆகிறது. முட்டைக்காகப் பெட்டைகளை வைத்துக்கொண்டு சேவல்களை விற்க நினைக்கிறோம். வியாபாரியும் கேட்கிறார். ஆனால் எது எதுவென்று தெரியவில்லை. அடுத்த முறை உருண்டை முட்டையாகப் பார்த்து வைத்தால் பெட்டையாகவே பொரிக்குமா?

பதில்: காக்கை, பருந்து, கீரி எல்லாவற்றுக்கும் தப்பவைத்து 11 குஞ்சையும் ஆறு வாரம் கொண்டுவந்திருக்கிறீர்கள். அது சின்ன வேலை இல்லை. வியாபாரியை மட்டும் இப்போது வர வேண்டாம் என்று சொல்லுங்கள், பிரிக்கவே இன்னும் ஆறு வாரம் பொறுக்க வேண்டும். இப்போதே பிரித்தால் ஒன்றிரண்டு மாறிப்போகும். முட்டையிட வேண்டிய பெட்டை கூடையில் ஏறிப் போய்விட்டால் திரும்ப வராது. சேவலையும் இந்த வயதில் விற்பது நஷ்டம்தான். நாலைந்து மாதம் வளர்த்து, எடை ஏறிய பிறகு கொடுங்கள்.

இப்போது கண்ணுக்குத் தெரிவது கொண்டைதான். ஆறு வாரத்தில் சேவல் குஞ்சின் கொண்டை தடித்துச் சிவக்கத் தொடங்கும், தாடைக்குக் கீழே தொங்கும் சதையும் கூடவே சிவக்கும். பெட்டைக்கு அது வெளிர் மஞ்சளாக, சின்னதாகவே நிற்கும். காலையும் பாருங்கள். சேவலுக்குக் கால் தடித்து, நிற்கும்போது நெஞ்சு நிமிர்ந்திருக்கும். வால் இறகில் பலர் ஏமாறுவார்கள். வால் முதலில் அழகாக முளைப்பது பெரும்பாலும் பெட்டைக்குத்தான். சேவல் குஞ்சு இந்த வயதில் வால் மொட்டையாகத் திரியும்.

இவை எல்லாமே சந்தேகக் குறிகள்தான். எந்த ஒன்றை மட்டும் வைத்தும் முடிவு கட்டாதீர்கள். உங்கள் கோழியில் அசில் என்னும் சண்டைக்கோழி இனத்தின் கலப்பு இருந்தால் கொண்டை சேவலுக்கும் சின்னதாக, அமுங்கித்தான் இருக்கும். கடக்நாத் என்னும் கருங்கோழிக் கலப்பில் கொண்டையே கறுத்திருப்பதால் சிவப்பைத் தேடிப் பயனில்லை. குணத்தை வைத்தும் சொல்ல முடியாது. இரண்டு குஞ்சு நெஞ்சோடு நெஞ்சு முட்டி நின்றால் இரண்டும் சேவல் என்பார்கள். பெட்டைக் குஞ்சுகளும் அப்படி முட்டிப் பார்க்கும்.

உறுதியான அடையாளம் இறகு. பத்து, பன்னிரண்டு வாரம் ஆனதும், இரவில் பஞ்சாரத்துக்குள் அடங்கிய பிறகு ஒவ்வொன்றாக எடுங்கள். இருட்டில் அது திமிறாது. மடியில் வைத்து, வால் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால், முதுகின் கடைசியில் உள்ள இறகை விரலால் பிரித்து டார்ச் அடித்துப் பாருங்கள். புதிதாக முளைக்கும் இறகு ஒல்லியாக, நுனி கூர்ந்து, எண்ணெய் தடவியதுபோல் மினுமினுத்தால் சேவல். நுனி உருண்டு, பக்கத்து இறகைப் போலவே இருந்தால் பெட்டை. கழுத்து இறகிலும் இதே வித்தியாசம் தெரியும், ஆனால் முதுகில்தான் தெளிவாகப் பிடிபடும். பார்த்து முடித்ததும் சேவலின் காலில் ஒரு நிற நூல் கட்டிவிடுங்கள். கால் பருக்கும் வயது என்பதால் வாரம் ஒருமுறை அந்த நூலைத் தளர்த்த வேண்டும். இறுக விட்டால் வெட்டிவிடும்.

பொரித்த அன்றே இறக்கையை விரித்துப் பார்த்துப் பிரிக்கும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். அது உண்மைதான். ஆனால் அதற்கென்றே தாய், தகப்பன் இனத்தைத் தேர்ந்து கலந்த பண்ணைக் குஞ்சுக்குத்தான் பொருந்தும். நாட்டுக் குஞ்சில் அதை நம்ப வேண்டாம்.

உருண்டை முட்டை விஷயத்துக்கு வருகிறேன். நீள முட்டை சேவல், உருண்டை முட்டை பெட்டை என்று பெரியவர்கள் சொல்லி நானும் வளர்ந்தேன். ஒரே கோழி இடும் முட்டைகளை வரிசையாக வைத்துப் பாருங்கள், எல்லாம் ஏறக்குறைய ஒரே வடிவில் இருக்கும். அந்தப் பேச்சு உண்மையானால் நீள முட்டை இடும் கோழிக்கு ஆயுசுக்கும் சேவல்தானே பொரிக்க வேண்டும்? கோழியினத்தில் ஆணா பெண்ணா என்பது தாய்க்கோழி கொடுக்கும் குரோமோசோமில், ஓடு உருவாகும் முன்பே முடிந்துவிடுகிறது. சேவலும் பெட்டையும் சராசரியாகப் பாதிப் பாதி. 11-ல் எட்டு சேவலாக வந்தாலும் அது தற்செயல்தான். அடை வைக்க முட்டை எடுக்கும்போது வடிவத்தைவிட, இட்டு ஒரு வாரத்துக்குள் ஆன முட்டையா என்று பாருங்கள்.

பிரிக்கும் நாள்வரை குஞ்சுகள் உயிரோடு இருக்க வேண்டும், எனக்கு அதுதான் பெரிய கவலை. தாய்க்கோழி இப்போது குஞ்சுகளைக் கொத்தி விரட்டத் தொடங்கியிருக்கும். தாயின் அணைப்பு விலகும் இந்த நேரத்தில் இரவு கூடு காய்ந்திருக்க வேண்டும். உமியோ நிலக்கடலைத் தோலோ பரப்பி, நனைந்ததை அன்றன்றே அள்ளிவிடுங்கள். ஈரத் தரையில்தான் ரத்தக்கழிச்சல் வருகிறது. எச்சத்தில் ரத்தம் கண்டால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போங்கள். அப்புறம், ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சலுக்கு (ராணிகெட் நோய்) சொட்டு மருந்து விட்டிருந்தாலும், எட்டாம் வாரம் அதே நோய்க்கு ஊசி போட வேண்டும். அதற்கு ஒரு வாரம் முன்பு குடற்புழு மருந்து கொடுத்துவிடுங்கள். அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டால் ஊசி எந்த நாள் போடுகிறார்கள் என்று சொல்வார்கள்.

பிரித்த பிறகு, இந்தப் பெட்டைகளுக்கு இதே ஈட்டில் ஒரு சேவலை விட்டுவைக்காதீர்கள். எல்லாம் கூடப்பிறந்தவை. அந்தக் கலப்பில் பொரிப்பு குறையும், குஞ்சும் நோஞ்சானாக வரும். வேறு ஊரில் உள்ள சொந்தக்காரர் வீட்டுச் சேவலுக்கு உங்கள் சேவலை மாற்றிக்கொள்ளுங்கள். எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும்.