தாய்ப்பால்: வீடியோ பாத்தும் தீராத சந்தேகங்கள்

கேள்வி: சிசேரியன் ஆகி ரெண்டு நாள் ஆச்சு, பாலே வரல. மாமியார் சர்க்கரைத் தண்ணி வைக்கச் சொல்றாங்க, வைக்கலாமா?

வேணாம்மா. பிசுபிசுன்னு சொட்டு சொட்டா வருதே அதுதான் சீம்பால், இப்போதைக்கு அதுவே போதும், பிறந்த அன்னைக்கு ஒரு தடவைக்கு ஒரு டீஸ்பூன் குடிச்சாலே பெருசு. பால் நல்லா இறங்க 3, 4 நாள் ஆகும், சிசேரியன்னா கொஞ்சம் லேட் ஆகலாம். குழந்தைய வெறும் நெஞ்சோட போட்டுக்கிட்டு ஒரு நாளைக்கு 8ல இருந்து 12 தடவை சப்ப விடுங்க, சப்ப சப்பத்தான் சுரக்கும். தையல் வலிச்சா ஒருக்களிச்சுப் படுத்துக் குடுங்க. எழுப்பியும் குடிக்காம தூங்கிட்டே இருந்தாலோ யூரின் போகலன்னாலோ உடனே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.

கேள்வி: யூடியூப்ல பாத்துதான் குடுக்குறேன், காம்பு வெடிச்சு ரத்தம் வருது.

பாவம்மா, பல்லக் கடிச்சுக்கிட்டு பொறுத்துக்காதீங்க, இவ்ளோ வலிக்குதுன்னா பெரும்பாலும் புடிப்புதான், அதாவது குழந்தை மார்ப வாயில கவ்வுற விதம்தான் சரியில்ல. காம்ப குழந்தை மூக்குக்கு நேரா வச்சு மேலுதட்டத் தொடுங்க, வாய நல்லா பெருசா தொறக்குற வரைக்கும் காத்திருந்து கழுத்தையும் தோளையும் தாங்கி குழந்தையத்தான் மார்புகிட்ட கொண்டு வரணும், நீங்க குனியக் கூடாது, தலையப் புடிச்சு அமுக்கவும் கூடாது. தாடை மொதல்ல பதியணும். சரியா புடிச்சிருந்தா கீழுதடு வெளிய மடிஞ்சிருக்கும், காம்பச் சுத்தி இருக்க கருவட்டம் மேல்பக்கம்தான் கொஞ்சம் தெரியும், கன்னம் குழி விழாது, முழுங்குற சத்தம் கேக்கும். எடுத்ததும் காம்பு புது லிப்ஸ்டிக் முனை மாதிரி ஒரு பக்கம் சரிஞ்சு நசுங்கியிருந்தா புடிப்பு தப்பு, சுண்டுவிரல வாயோரமா விட்டு எடுத்துட்டு மறுபடி போடுங்க. குளோபல் ஹெல்த் மீடியா, ஐஐடி பாம்பேயோட ஹெல்த் ஸ்போக்கன் டுடோரியல் ரெண்டுலயும் இதெல்லாம் கிட்டக்க காட்டுற இலவச வீடியோ இருக்கு. இன்னொன்னு, நீங்க குடுக்குறத வீட்டுக்காரர சைடுல நின்னு ஒரு நிமிஷம் போன்ல எடுக்கச் சொல்லி நர்ஸ்கிட்ட காட்டுங்க, எங்க தப்புன்னு அவங்களுக்கு பாத்ததும் தெரியும். பால் பவுடர் விக்கிறவங்க போடுற வீடியோவ மட்டும் நம்பாதீங்க, அதுக்கு விளம்பரமே கூடாதுன்னு 1992லயே நம்ம நாட்டுல சட்டம் இருக்கு.

கேள்வி: பூண்டு, சுறாப்புட்டு எல்லாம் சாப்டுறேன், பால் பத்தல, குழந்தை அழுதுட்டே இருக்கான்.

அழுறத மட்டும் வச்சு பத்தலன்னு முடிவு பண்ணாதீங்க, அழ ஆயிரம் காரணம் இருக்கு. 5 நாளுக்கு மேல ஆன குழந்தை ஒரு நாளைக்கு 6 தடவையாவது யூரின் போறானா, பிறந்தப்ப இருந்த எடை 2 வாரத்துல திரும்பிடுச்சா, அதப் பாருங்க. ரெண்டும் சரின்னா பால் பத்துது. எடை ஏறலன்னா பவுடர் டப்பா வாங்க ஓடுறதுக்கு முன்னாடி புடிப்பயும் எத்தன தடவ குடுக்குறீங்கன்றதயும் டாக்டர்கிட்ட காட்டி பேசுங்க. சுறாப்புட்டு புடிச்சா தாராளமா சாப்புடுங்க, ஆனா மார்பு காலியாக ஆகத்தான் பால் ஊறும்.

கேள்வி: மே மாச வெயில், 3 மாசக் குழந்தைக்கு தண்ணி குடுக்கலாமா?

6 மாசம் வரைக்கும் தனியா தண்ணி வேணாம், தாய்ப்பால்ல முக்கால்வாசிக்கு மேல தண்ணிதான். அடிக்கடி பால் குடுங்க, தண்ணிய நீங்க குடிங்க.

கேள்வி: 26 வார லீவு முடியப் போகுது, எடுத்து வச்ச பால் எவ்ளோ நேரம் தாங்கும்?

25 டிகிரிக்குள்ள இருந்தா 4 மணி நேரம், ஆனா நம்ம ஊர் வெயிலுக்கு எடுத்ததும் ஃபிரிட்ஜ்ல வைக்கிறதுதான் நல்லது, அங்க 4 நாள் வரைக்கும் இருக்கும். கதவுல வைக்காம உள்ள தள்ளி வைங்க, தேதி எழுதி ஒட்டுங்க. அடுப்புல, மைக்ரோவேவ்ல சூடு பண்ணாம வெதுவெதுப்பான தண்ணி கிண்ணத்துல பாட்டில வச்சு எடுக்கணும், குழந்தை குடிச்சு மிச்சம் வச்சத அடுத்த வேளைக்கு எடுத்து வைக்காதீங்க.