‘நீங்க போய்ட்டு வாங்க’ என்று அம்மா சொன்னால்...

கேள்வி: அப்பாவுக்கு 70 வயது, அம்மாவுக்கு 65. இருவரும் இதுவரை தீம் பார்க் பக்கமே போனதில்லை. வரும் விடுமுறைக்கு அவர்களையும் எங்கள் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பெரிய தீம் பார்க் ஒன்றுக்கு மூன்று நாள் போக நினைக்கிறோம். அப்பா ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. மற்றபடி நன்றாகவே நடமாடுகிறார்கள். ஆனால் அம்மா, “எங்களுக்கு அங்க என்ன இருக்கு? நீங்க பிள்ளைகளோட போய்ட்டு வாங்க” என்கிறார். வற்புறுத்துவது சரியா? போனால் எப்படித் திட்டமிடுவது?

பதில்: கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் அம்மா சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ‘எங்களுக்கு என்ன இருக்கு’ என்று சொல்லும் பெற்றோர் பலருக்கு, தங்களால் பிள்ளைகளின் பொழுது கெட்டுவிடுமோ என்ற பயம்தான் உள்ளே இருக்கும். பார்க்குக்குள் போன பிறகும் அந்தப் பயம் போகாது. முழங்கால் வலித்தாலும் அம்மா வாய் திறக்க மாட்டார். “களைப்பா இருக்காம்மா?” என்று நீங்கள் கேட்டால், “இல்லையே, நல்லாத்தான் இருக்கேன்” என்பார். அதனால் கேட்டுக் கேட்டு ஓய்வு கொடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஓய்வு நேரத்தை முதலிலேயே குடும்பம் முழுவதற்குமான திட்டத்தில் எழுதிவிடுங்கள். ‘பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்கள், மதியம் எல்லோரும் அறைக்குத் திரும்புகிறோம்’ என்று சொன்னால் யாருக்கும் சங்கடம் இல்லை. அது உண்மையும்கூட.

மூன்று நாளையும் அடுத்தடுத்து வைக்காதீர்கள். பெரிய பார்க்கில் ஒரு நாளைக்குப் பத்து கிலோமீட்டர் நடப்பது சாதாரணம். ஃப்ளோரிடாவில் உள்ள எப்காட் பூங்காவில் ஏரியைச் சுற்றி 11 நாடுகளின் அரங்குகள் இருக்கின்றன. அந்த ஒரு சுற்று மட்டுமே கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர். இரண்டு பார்க் நாள்களுக்கு நடுவே ஒரு நாளைச் சும்மா விடுங்கள். டிக்கெட் வீணாகிறதே என்று தோன்றினால், பார்க் நாளை இரண்டாகக் குறைத்துவிடலாம். காலையில் கதவு திறக்கும்போதே உள்ளே இருங்கள். முதல் ஒன்றிரண்டு மணி நேரம் வரிசை குறைவாக இருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. மதியம் அறைக்குத் திரும்பித் தூங்கி எழுந்து, மாலையில் மறுபடி போகலாம். இதற்காகவே, விலை கொஞ்சம் கூடினாலும் பார்க்குக்குப் பக்கத்திலேயே தங்கச் சொல்வேன்.

முழங்கால் வலிக்காரருக்கு நடப்பதைவிட வரிசையில் நகராமல் நிற்பதுதான் பெரும்பாடு. வீல்சேர் எடுங்கள். பெரிய பார்க்குகளில் நுழைவாயில் பக்கத்திலேயே வாடகைக்குக் கிடைக்கும். “நான் என்ன நோயாளியா?” என்று அம்மா மறுக்கக்கூடும். அப்போது வாதாட வேண்டாம். வண்டியை எடுத்துப் பைகளை அதில் வைத்துத் தள்ளிக்கொண்டு போங்கள். சின்னவனோ அப்பாவோ கொஞ்ச நேரம் உட்காரட்டும். மதியத்துக்குள் அம்மாவும் உட்காருவார் என்றே நினைக்கிறேன். சில ரைடுகளில் வீல்சேரோடு வரிசையிலேயே போகலாம், சிலவற்றில் தனி வாசல் உண்டு. ஒவ்வொரு ரைடின் வாசலிலும் ஊழியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் முறையாகப் போகிறவருக்கு பேட்டரி ஸ்கூட்டர் வேண்டாம் என்பது என் கருத்து. கூட்டத்துக்கு நடுவில் அதை ஓட்டிப் பழகுவது பதற்றம் தரும்.

அப்புறம், யாரும் பேசத் தயங்கும் ஒரு விஷயம்: கழிப்பறை. வெளியூர் போனால் பெரியவர்கள் பலர் தண்ணீரையே குறைத்துவிடுவார்கள். எங்கே போவது, எவ்வளவு தூரம், நடுவில் வரிசையை விட்டு வர முடியுமா என்ற கவலை. வயதாக ஆகத் தாக உணர்வும் மங்கும். ரத்த அழுத்த மாத்திரைகளில் சில சிறுநீரை அதிகமாக வெளியேற்றுபவை. இவற்றோடு வெயிலும் சேர்ந்தால் தலைசுற்றி விழ வாய்ப்பு உண்டு. அப்பாவின் மாத்திரை எந்த வகை, வெயில் நாளில் அதை எப்போது எடுக்க வேண்டும், எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று கிளம்பும் முன் மருத்துவரிடம் கேளுங்கள். வேளையை நீங்களாக மாற்ற வேண்டாம். பார்க் வரைபடத்தில் கழிப்பறைகளை முதல் வேலையாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நீண்ட வரிசைக்கு முன்னும் “எல்லோரும் ஒரு தடவை போய்ட்டு வந்துடலாம்” என்று குழந்தைகளைச் சாக்காக வைத்துச் சொல்லுங்கள். அந்த நிம்மதி கிடைத்தால் அப்பா தானாகவே தண்ணீர் குடிப்பார்.

இனி ரைடுகள். வயதை மட்டும் பார்த்து ‘இது உங்களுக்கு வேண்டாம்’ என்று நீங்களே தீர்ப்புச் சொல்லாதீர்கள். வாசலில் இருக்கும் எச்சரிக்கைப் பலகையைப் படியுங்கள். இதய நோய், உயர் ரத்த அழுத்தம், கழுத்து, முதுகுப் பிரச்சினை, அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை என்று அதில் எழுதியிருந்தால் அதை மதியுங்கள். எலும்புத் தேய்மானம் உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும் குலுக்கி எடுக்கும் ரைடுகளில் ஏறும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். அப்பாவின் ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருந்து, மருத்துவரும் சரி என்று சொல்லி, அவருக்கும் ஆசை இருந்தால், பலகையில் தடை இல்லாத ரோலர் கோஸ்டரில் ஏறட்டுமே!

பார்வைக்கு ஏமாறாதீர்கள். டிஸ்னிலேண்டில் 1955-இலிருந்து சுற்றிக்கொண்டிருக்கும் தேநீர்க் கோப்பை ரைடு குழந்தைகளுக்கானது போலத்தான் தெரியும். தலைசுற்றல் உள்ளவருக்கு அது ஒரு சுமாரான கோஸ்டரைவிட மோசம். ஃப்ளோரிடாவின் ஸ்பேஸ் மவுண்டன் என்ற ரோலர் கோஸ்டர் மணிக்கு 45 கிலோமீட்டர் வேகம்தான் போகிறது. ஆனால் முழுக்க இருட்டு என்பதால் அடுத்த திருப்பம் தெரியாமல் உடம்பு தயாராகாது. திரைக்கு முன்னால் நாற்காலி ஆடும் சிமுலேட்டர்களில் கண் ஒன்று சொல்லும், உள்காது வேறொன்று சொல்லும். குமட்டல் அதனால்தான் வருகிறது. வந்தால் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள்.

தொடக்கத்துக்கு நான் சொல்வது படகு ரைடு. 1964-இல் நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக உருவான ‘இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்’ இன்றும் ஓடுகிறது. உட்கார்ந்தபடியே பொம்மைகளையும் பாட்டையும் ரசித்துவிட்டு வரலாம். ஒன்று மட்டும் கவனியுங்கள்: படகில் இருக்கை தாழ்வாக இருக்கும், அதிலிருந்து எழுந்து வெளியே வருவது முழங்காலுக்குக் கடினம். ‘ஹான்டட் மேன்ஷன்’ என்ற பேய் வீட்டு ரைடு போன்றவற்றில் நகரும் தரையில் கால்வைத்து ஏற வேண்டும். முன்கூட்டியே சொன்னால் ஊழியர்கள் வேகத்தைக் குறைப்பார்கள். பெரும்பாலான ரைடுகளை முன் இருக்கையிலிருந்து எடுத்த வீடியோ யூடியூபில் இருக்கிறது. கிளம்பும் முன் ஒரு மாலை அம்மாவையும் அப்பாவையும் உட்காரவைத்துப் பாருங்கள். எது வேண்டும், எது வேண்டாம் என்று அவர்களே சொல்லட்டும். ‘எங்களுக்கு என்ன இருக்கு’ என்ற கேள்விக்கான பதிலும் அங்கேயே கிடைத்துவிடும்.

ஒரு வேண்டுகோள். நீங்கள் எல்லாம் ரைடில் ஏற, பெரியவர்கள் பையைப் பார்த்துக்கொண்டு பெஞ்சில் காத்திருப்பதுதான் பல குடும்பங்களில் நடக்கிறது. அதற்காக அவர்களை அவ்வளவு தூரம் அழைத்துப் போக வேண்டாம். பையை லாக்கரில் போடுங்கள். நாளுக்கு இரண்டு விஷயமாவது அவர்கள் தேர்ந்தெடுத்ததாக இருக்கட்டும். அது ரயில் சவாரியாகவோ மேடை நிகழ்ச்சியாகவோ இருக்கலாம். அதற்குப் பேரப்பிள்ளைகளும் முகம் சுளிக்காமல் வர வேண்டும், இதை வீட்டிலேயே அவர்களிடம் பேசி வையுங்கள்.

புதுச் செருப்பு, புது ஷூ வேண்டாம், பழகியதே போதும். காது கேட்கும் கருவி இருந்தால் வேகமான ரைடுக்கு முன் கழற்றி ஜிப் உள்ள பையில் வையுங்கள். இன்சுலின் எடுக்கிறவர்கள் யாரும் உடன் வந்தால், அதை வெயிலில் விடக் கூடாது. குளிர்பதனப் பெட்டியில் வைத்துத் தருவார்களா என்று முதலுதவி மையத்தில் கேளுங்கள். பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்பதை நிழலும் இருக்கையும் உள்ள ஓர் இடமாகப் பேசி, உங்கள் எண்ணை எழுதி இருவர் பையிலும் ஒரு சீட்டாக வையுங்கள். போன் சார்ஜ் தீர்ந்தாலும் அது உதவும்.

இரவு வாணவேடிக்கை பார்ப்பதாக இருந்தால் ஒரு மணி நேரம் முன்பே உட்கார இடம் பிடியுங்கள். முடிந்தவுடன் மொத்தக் கூட்டமும் வாசலை நோக்கி நெருக்கியடித்துக்கொண்டு போகும். அந்த நேரத்தில் எழவே எழாதீர்கள். அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்துவிட்டு, வழி காலியான பிறகு கிளம்புங்கள்.